ஐசியூ வாசலில் இருக்கும் சிஓ2 தீயணைப்புச் சிலிண்டரில் கேஜ் இல்லை, எப்படிச் சரிபார்ப்பது?

வார்டு இன்சார்ஜ்:
வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் இன்சார்ஜாக இருக்கிறேன். தீயணைப்புத் துறையிலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள். வார்டுகளில் மாட்டியிருக்கும் பவுடர் தீயணைப்புச் சிலிண்டர்களில், அழுத்தம் காட்டும் கேஜில் முள் பச்சையில் நிற்கிறது. ஐசியூ வாசலில் உள்ள நாலரைக் கிலோ சிஓ2-வில் கேஜே கிடையாது. ரீஃபில்காரர் புது ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே கேஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அப்புறம், தீப்பிடித்தால் ஆக்சிஜன் வால்வை மூடச் சொல்கிறார்கள். வென்டிலேட்டரில் ஆள் இருக்கும்போது எப்படி மூடுவது?

பிளான்ட்ரூம்:
சிஸ்டர், சிஓ2-வில் கேஜ் வராது. உள்ளே கேஸ் திரவமாக இருப்பதால், பாதி தீர்ந்தாலும் அழுத்தம் பெரிதாக இறங்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலி எடையைச் சிலிண்டரிலேயே பொறித்திருப்பார்கள். கேஸில் பத்தில் ஒரு பங்கு, அதாவது உங்களுடையதில் 450 கிராம், குறைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். தராசுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், பயோமெடிக்கல் வேஸ்ட் நிறுக்க ஒன்று வைத்திருப்பீர்களே! ரீஃபில்காரர் கையெழுத்து வாங்கும் முன் உங்கள் கண்ணெதிரே அதில் ஏற்றட்டும். ஸ்டிக்கரை அச்சகத்தில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

வால்வு விஷயம். ஐசியூவுக்கு வெளியே சுவரில், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் இருக்கும். கால் திருப்புத் திருப்பினால் மூடிக்கொள்ளும். அது எளிதாக இருப்பதுதான் பயமே. ஷிஃப்ட் இன்சார்ஜ் சொல்லாமல் எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. முதலில் வென்டிலேட்டர் நோயாளிகளுக்குக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், கூடவே சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். அதற்குப் பிறகு வால்வு. எந்த வால்வு எந்தப் படுக்கைகளுக்கு என்று பெட்டிமேல் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் இடத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் எப்போதும் ஒரு ஸ்ட்ரெச்சர் நிற்கும், நகர்த்தச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஓடி டெக்னீஷியன்:
ஆக்சிஜன் சிலிண்டரின் ரெகுலேட்டர் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் வார்டு பையன்களையும் கவனியுங்கள். ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன் பாயும்போது, எண்ணெய்ப் பசை தானே பற்றிக்கொள்ளும். நெருப்புப் பொறியே வேண்டாம்.

மூன்றாம் மாடி:
லிப்டை மறந்துவிட்டீர்களே. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள், லிப்டுக்குள் புகையில் சிக்கி. 2011-இல் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் தீ பேஸ்மென்ட்டில் பிடித்தது, அங்கேயும் மேலே இருந்தவர்களைக் கொன்றது புகைதான்.

வார்டு இன்சார்ஜ்:
நன்றி சார். பெட்டியைத் திறந்து பார்த்தேன், மேலே எதுவும் எழுதவில்லை. சிஓ2-வை எங்கள் பெண்களே அடிக்கலாமா?

பிளான்ட்ரூம்:
தாராளமாக. கேஸ் வெளிவரும் ஹார்னை மட்டும் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். சின்ன அறை என்றால் அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், அந்தக் கேஸில் மூச்சு முட்டும்.