படிக்க 110 எம்பி வருது, டேலி மட்டும் உறையுது: நாஸில் எங்கே கை வைக்கணும்?

வளவு_அட்மின்:
காரைக்குடி துணிக்கடை ஆபீஸ். ஈஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினி ஓட்டும் மென்பொருள்) ஹோஸ்ட் 2, விஎம் (அந்த மெய்நிகர் கணினி) 12. ட்ரூநாஸில் (நாஸ், அதாவது நெட்வொர்க் வழியா டிஸ்க் இடம் தரும் பெட்டி) 4 டிபி 7200 ஆர்பிஎம் டிஸ்க் 6, ரெய்டு-இசட்2 (ரெண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் அமைப்பு), விஎம் ஃபைல் எல்லாம் என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் பகிர்வு) டேட்டாஸ்டோரில். நாஸுக்கு 1 ஜி (நொடிக்கு 1 கிகாபிட்) லைன் ரெண்டு, எல்ஏசிபி (ரெண்டையும் ஒரே லைன் மாதிரி கட்டுறது). பெரிய ஃபைல் படிச்சா நொடிக்கு 110 எம்பி. பில் போட ஆரம்பிச்சதும் டேலி விஎம் உறையுது, ஈஎஸ்எக்ஸ்டாப்பில் (ஈஎஸ்எக்ஸ்ஐயோட அளவீட்டுக் கருவி) ரைட் லேட்டன்சி, அதாவது ஒரு எழுத்து முடியக் காத்திருக்கும் நேரம், 90 மில்லிசெகண்ட். 10 ஜி போட்டா தீருமா?

கோட்டையூரான்:
தீராது, இப்போதைக்குக் காசு வீண். 110 என்பது 1 ஜி லைன் தரக்கூடிய உச்சம், அங்கே குறையில்லை. டேலி எழுதுறது பொடிப்பொடியா. என்எஃப்எஸ்ஸில் ஈஎஸ்எக்ஸ்ஐ ஒவ்வொரு எழுத்துக்கும் (ரைட்டுக்கும்) "டிஸ்க்கில் இறங்கிருச்சு" என்ற உறுதி வராம நகராது. தனி லாக் டிவைஸ் (எழுத்தை முதலில் குறிச்சு வைக்கிற வேகமான டிஸ்க்) இல்லாததால இசட்எஃப்எஸ் (ட்ரூநாஸோட ஃபைல் சிஸ்டம்) அந்த லாக்கையும் அதே ஆறு டிஸ்க்கில்தான் எழுதுது. காத்திருப்பு அங்கேதான்.

கடை மூடினதும் ஒரு சோதனை. டேட்டாசெட்டில் சிங்க்கை (டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லும் செட்டிங்) டிசேபிள்டு ஆக்கி, விஎம்முக்குள்ள எஃப்ஐஓ (டிஸ்க் வேகம் அளக்கும் நிரல்): 8கே ரேண்டம் ரைட், டைரக்ட் 1, ஐஓடெப்த் 16, 5 நிமிஷம். லேட்டன்சி விழுந்தா நோய் இதுதான். முடிஞ்ச கையோட ஸ்டாண்டர்டுக்குத் திருப்பிடுங்க. மறந்துட்டா, கரண்ட் போற நேரத்தில் கடைசி சில நொடி எழுத்து போயிடும். பூல் (டிஸ்க் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) முழுசா இருக்கும், டேலி டேட்டா கெட்டிருக்கும்.

தேவகோட்டை_நெட்:
எல்ஏசிபி பற்றி ஒண்ணு. ஒரு டிசிபி இணைப்பு ஒரே லைனில்தான் போகும். ஹோஸ்ட் ரெண்டும் ஒரே லைனில் விழவும் வாய்ப்பிருக்கு. ரெண்டு லைனும் உழைக்கணும்னா என்எஃப்எஸ்ஸுக்குப் பதிலா ஐஸ்கசி (நெட்வொர்க் வழியா டிஸ்க்கையே தரும் முறை): எல்ஏசிபியை எடுத்துட்டு, லைனுக்கு ஒரு சப்நெட், ரவுண்ட் ராபின் (பாதைகளை மாத்தி மாத்திப் பயன்படுத்துறது), பாதை மாறும் அளவை 1000 ஐஓவிலிருந்து (படிப்பு, எழுத்து வேலை) 1க்கு.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்) போட்டா விஎம்கே போர்ட் (ஹோஸ்ட்டோட சொந்த நெட்வொர்க் போர்ட்), விஸ்விட்ச் (ஹோஸ்ட்டுக்குள்ள இருக்கிற மெய்நிகர் ஸ்விட்ச்), ஸ்விட்ச், நாஸ் நாலிலும் 9000 இருக்கணும். துண்டாக்காதபடி 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்க (28 பைட் ஹெடர்). ஒரு இடத்தில் விட்டுப்போனா லாகின் ஆகும், டேட்டா ஓடும்போது தொங்கும். லாபம் சின்னது, தலைவலி பெரிசு. நான் 1500லயே விடுவேன்.

கோட்டையூரான்:
தம்பி சொன்னதோட ஒரு எச்சரிக்கை. ஐஸ்கசிக்கு மாறினதும் வேகம் பறக்கும், மயங்காதீங்க. சிங்க் ஸ்டாண்டர்டில் இருந்தா ஐஸ்கசி எழுத்து பெரும்பாலும் ரேமில் நிக்கும். இசட்வாலில் (ஐஸ்கசிக்கு டிஸ்க்கா காட்டும் இசட்எஃப்எஸ் பகுதி) சிங்க் ஆல்வேஸ் வைக்கணும், வச்சதும் பழைய வேகத்துக்கே வந்துடும்.

வளவு_அட்மின்:
சோதிச்சாச்சு அண்ணே. 90லிருந்து 4 மில்லிசெகண்ட். சிங்க்கைத் திருப்பிட்டேன். லாக் டிவைஸ் எவ்வளவு பெரிசு வேணும்?

கோட்டையூரான்:
ரெண்டு லைன் சேர்ந்து நொடிக்கு 250 எம்பி. இசட்எஃப்எஸ் ரேமில் சேர்ந்ததை 5 நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்கில் கொட்டும், அதனால 1.25 ஜிபி. மூணு மடங்கு வச்சாலும் 4 ஜிபிக்குள்ள. அளவைப் பார்க்காம, மின்சாரம் போனா காக்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் எஸ்எஸ்டியா பாருங்க. லேப்டாப் என்விஎம்இ போட்டா ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் திணறும்.

பள்ளத்தூர்_சர்வர்:
லாக் போட்டாலும் ரெய்டு-இசட்2 ஒரே விடெவ் (ஒரே அலகா இயங்கும் டிஸ்க் குழு). ரேண்டம் ஐஓவில் கிட்டத்தட்ட ஒரு டிஸ்க் வேகம், 100 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை ஐஓ) பக்கம். மூணு ஜோடி மிரரா (ஜோடியில் ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா) மாத்தினா எழுத்துக்கு மூணு மடங்கு, படிக்க இன்னும் கூட. இடம் 16 டிபியிலிருந்து 12 ஆகும். ஒரே ஜோடியின் ரெண்டும் செத்தா பூல் போச்சு. இருக்கிற பூலை அப்படியே மாத்த வழியில்லை, பேக்கப் எடுத்து அழிச்சுத்தான் கட்டணும்.

பின்னாடி 10 ஜிக்குப் போனா கேபிளை இப்பவே யோசிங்க. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல்னு இருக்கிற நம்ம வீடுகளில் கேட்6 தாங்காது, 55 மீட்டர்தான் கணக்கு. ஓஎம்3 ஃபைபர்னா 300 மீட்டர்.