12,000 ரூபாய்க்குள் வாடகை வீட்டு ஹாலை எப்படி மாற்றலாம்?

கயல் (மடிப்பாக்கம்):
முதல் மாடியில் ஒரு பெட்ரூம் வீடு, வாடகைக்கு இருக்கிறோம். ஹால் 10க்கு 12 அடி, பெட்ரூம் 10க்கு 10. நான், கணவர், 4 வயதுப் பெண், ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட மாமியார். அத்தையின் கட்டில், டிவி, பீரோ, கணவரின் கம்ப்யூட்டர் மேஜை எல்லாமே ஹாலில்தான். யாராவது வந்தால் அத்தை படுத்திருந்த இடத்தைவிட்டு எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கையில் 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு சோபா வாங்கலாமா, செங்கல் டிசைன் போட்ட ஸ்டிக்கர் வால்பேப்பரை ஒரு சுவர் முழுக்க ஒட்டலாமா என்று யோசிக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

செந்தில்_தச்சர்:
சோபா வேண்டாம் சகோதரி. மூன்று பேர் உட்காரும் சோபா ஆறிலிருந்து ஏழு அடி நீளம், கிட்டத்தட்ட மூன்று அடி ஆழம். கட்டில் இருக்கிற 10க்கு 12 ஹாலில் அதையும் போட்டால் நடக்க இடமிருக்காது, அந்த விலைக்குக் கிடைப்பதும் உழைக்காது. முதலில் எதையும் வாங்காமல், பழைய செய்தித்தாளைக் கட்டில், பீரோ, மேஜை அளவுக்கு வெட்டி ஒட்டித் தரையில் விரித்து நகர்த்திப் பாருங்கள். வாசலிலிருந்து சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் போகிற வழி இரண்டரை அடியாவது இருக்க வேண்டும். பீரோவுக்கு அதன் அளவு மட்டும் போதாது, கதவு திறக்க முன்னால் ஒன்றரை அடி விட வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

என் யோசனை, பீரோவும் கம்ப்யூட்டர் மேஜையும் பெட்ரூமுக்குப் போகட்டும். அத்தையின் கட்டில் வாசலுக்கு நேராக இருந்தால் அதை மாற்றி, கதவைத் திறந்ததும் கண்ணில் படாத மூலையில் சுவரோடு போடுங்கள். வருகிறவர்களுக்கு மடக்கு நாற்காலி நான்கு போதும்.

நளினி, குரோம்பேட்டை:
வால்பேப்பர் பற்றி மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் டிஸ்டம்பர்தான் அடித்திருப்பார்கள், அதில் பசை சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் உரிக்கும்போது பெயின்ட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும், அந்தச் செலவு உங்கள் அட்வான்ஸில்தான் கழியும். அதைவிட முக்கியம் ஓதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் தண்ணீர் குடிக்கும், மேலே பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருந்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அத்தை அந்தச் சுவரோரமாகத்தான் படுக்கப் போகிறார் என்றால் மூச்சுக்கு நல்லதில்லை.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை மாஸ்கிங் டேப்பால் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அதை வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

மு.அருண்:
நளினி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த வால்பேப்பர் காசை விளக்குக்குப் போடுங்கள். ஹாலில் ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட் தானே இருக்கும்? பல்ப் பெட்டியில் கெல்வின் கணக்குப் போட்டிருக்கும், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 அல்லது 2700 என்றால் இதமான மஞ்சள். டியூப்லைட் அப்படியே இருக்கட்டும், குழந்தை எழுதுவதற்கும் காய் நறுக்குவதற்கும் அது வேண்டும். அத்தை கட்டிலருகே பிளக்கில் சொருகுகிற மேஜை விளக்கு ஒன்று, டிவிக்குப் பக்கத்தில் இன்னொன்று, இரண்டிலும் 3000 பல்ப். ஏழு மணிக்கு மேல் டியூபை அணைத்துவிட்டு இவற்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அதே சாமான்களோடு அதே ஹால் வேறு வீடு மாதிரி இருக்கும். பாத்ரூம் வழியில் ஒரு சின்ன இரவு விளக்கும் வேண்டும், வயதானவர்கள் நடுராத்திரியில் இருட்டில் தடவிக்கொண்டு போகக் கூடாது. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிக்கலாம், வீடு மாறும்போது கூடவே வரும்.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. தாளை விரித்துப் பார்த்தோம். மேஜை பெட்ரூம் ஜன்னலுக்குக் கீழே போய்விடும், ஆனால் எங்கள் கட்டில் பெரியது, பீரோவை அங்கே வைத்தால் கதவு பாதிதான் திறக்கிறது. அது ஹாலிலேயே இருக்க வேண்டிய நிலை. சோபா, வால்பேப்பர் இரண்டையும் விட்டுவிட்டேன். அத்தைக்கு ஒரு மறைப்பு மட்டும் எப்படியாவது வேண்டும்.

வசந்தா_ஈரோடு:
கயல், அத்தைக்காக யோசிக்கிறீர்களே, அதற்கே ஒரு வணக்கம்மா. மறைப்புக்குத் துணிதான் சரி. ஆணியே இல்லாமல் இரண்டு சுவருக்கு நடுவே இறுக்கி நிறுத்துகிற ஸ்பிரிங் கம்பி ஜன்னலுக்குச் சரியாக வரும், ஆனால் 10 அடி ஹாலுக்குக் குறுக்கே நிற்காது, நடுவில் தொய்ந்து விழும். அதனால் கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் வையுங்கள், அதாவது துளை போட்ட இரும்புக் கால்களில் தகட்டுத் தட்டுகளை முடுக்கிய திறந்த அலமாரி. ஆறடி உயரம், மூன்றடி அகலம், தகட்டின் கனத்தைப் பொறுத்து 2,500இலிருந்து 4,000 வரை ஆகும். ஹால் பக்கம் குழந்தையின் பொம்மை, புத்தகம், மணி பிளான்ட். அத்தை பக்கம் ஒரு துணித்திரை, அதன் பின்னால் அவருடைய மருந்து, கண்ணாடி, சாமி படம். கனமான சாமானெல்லாம் கீழ்த்தட்டில் போகட்டும், குழந்தை ஏறிப் பார்க்கும், அதனால் ரேக்கின் மேல்முனையைப் பக்கத்து ஜன்னல் கம்பியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஜன்னல் எட்டாவிட்டால் உயரமான ரேக் வேண்டாம், மூன்றடியில் வாங்குங்கள்.

திரைக்குக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் கட்டாமல் கிடக்கிற சுங்குடிச் சேலை இருக்குமே, 5.5 மீட்டர் என்றால் 18 அடி, ஓரம் மடித்துத் தைத்தாலும் ஐந்தடி ஜன்னல் திரை மூன்று வரும். மேற்குப் பார்த்த ஜன்னலானால் பின்னால் ஒரு காடாத் துணி கொடுத்துத் தையுங்கள், வெயில் அடங்கும்.

புதிதாக வாங்க வேண்டியது என்றால் ஒரு பவானி ஜமக்காளம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல பருத்தியில் நெய்தது வருஷக்கணக்கில் உழைக்கும், நாலு பேர் வந்தால் விரித்துப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்காரலாம், போனதும் மடித்துப் பரணில் வைக்கலாம், சோபாவை அப்படி மடிக்க முடியுமா? கட்டில் விரிப்புக்குச் சென்னிமலைப் போர்வை. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயம் 30 சதவீதத் தள்ளுபடி கொடுப்பது வழக்கம், அதுவரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். விரிப்பு, தலையணை உறை, திரை மூன்றுக்கும் இரண்டு நிறத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சின்ன ஹால் அடைசலாகத் தெரியாது.

செந்தில்_தச்சர்:
வசந்தா அக்கா சொன்ன ரேக் யோசனை நல்லது. பீரோ ஹாலில் இருந்தே தீரும் என்றால் அதையும் ரேக்கையும் ஒரே சுவரில் வரிசையாகப் போடாமல், பீரோவை வாசல் கதவு திறந்து சாய்கிற பக்கத்துச் சுவருக்குக் கொண்டுபோங்கள், அந்த மூலை எப்படியும் வீணாகத்தான் கிடக்கும். கதவு இடிக்கிறதா என்று தாளை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே மூன்று அங்குலம் விடுங்கள், மழைக்காலத்தில் முதுகுத் தகடு துருப்பிடிக்காது.

கயல்:
கதவு மூலையில் பீரோ சரியாக உட்காருகிறது, இப்போதுதான் அளந்தோம். ரேக் 3,000, விளக்குகள் 2,000, நாற்காலியும் ஜமக்காளமும் வாங்கினால்கூட மிச்சம் வரும் போலிருக்கிறது. சேலையை அத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை தைக்கக் கொடுக்கப் போகிறேன். ரேக்குக்குத் தகடு எந்த கேஜில், அதாவது எவ்வளவு கனத்தில் வாங்க வேண்டும், அதை மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

செந்தில்_தச்சர்:
தட்டு 22 கேஜ், கால் 14 கேஜ் என்று கேளுங்கள். எண் கூடக் கூடத் தகடு மெலிசு, 24 கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், புத்தகம் அடுக்கினால் நடுவில் வளையும். கால்களுக்கு அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் மூடி, புஷ் என்பார்கள், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், டைல்ஸில் கீறல் விழாது.