1851 கோல்ட் நேவி ரிவால்வர்: ஆப்பு கழலவில்லை, சிலிண்டரில் துரு. ஆலோசனை தேவை

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் ஏலத்தில், ஹார்ட்ஃபோர்டு நகரில் கோல்ட் (Colt) நிறுவனம் செய்த .36 காலிபர் நேவி ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆப்பு துருவேறி இறுகிவிட்டது, சிலிண்டரும் சுழலவில்லை. அதில் பொறித்த கப்பற்போர்க் காட்சியில் இரண்டு பாய்மரங்கள் மட்டுமே மங்கலாகத் தெரிகின்றன. துருவைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி நீலப்பூச்சு (எஃகைத் துருவிலிருந்து காக்கும் நீலக்கருமைப் படலம்) ஏற்றிவிடலாம் என்கிறார் விற்றவர். செய்யலாமா?

மறுமொழி:
ஐயா, தயவுசெய்து தேய்க்காதீர்கள். 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படை காம்பெச்சே அருகே மெக்சிகோ கப்பல்களோடு நடத்திய போரையே அந்தக் காட்சி காட்டுகிறது; செதுக்குக் கலைஞர் ஆர்ம்ஸ்பி செதுக்கிய அச்சை உருட்டிப் பதித்த அந்தக் கோடுகள் மிகவும் ஆழமற்றவை என்பதால், பாலிஷ் சக்கரம் ஒருமுறை பட்டாலே போய்விடும், பிறகு எந்தப் பூச்சாலும் அவற்றை மீட்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அது மருந்தேற்றப்பட்டதாகவே கருதுங்கள். அக்காலத் துப்பாக்கி வெடிமருந்தான கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். சிலிண்டரின் பின்புறமுள்ள சிறு குழாய்களான நிப்பிள்களில் கேப் (சுத்தி அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருக்கிறதா, சிலிண்டர் அறைகளின் வாயில் ஈயம் தென்படுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு ஐயம் இருந்தாலும் தட்டவோ சூடாக்கவோ கூடாது. அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் கொடுத்துவிடுங்கள்.

காலி என்று உறுதியானால், ஆப்பின் இருபுறமும் ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு வலப்பக்கத்து வில்நாக்கை அழுத்திக்கொண்டு, பித்தளைக் கோல் வைத்து இடப்பக்கமாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் நேரடியாகப் பட்டால் ஆப்பின் முனை நசுங்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அறைகள் காலி. ஆறாம் நாள் ஆப்பு அசைந்தது. அதைத் துடைத்தபோது, குழலிலும் சட்டத்திலும் உள்ள அதே வரிசை எண் தெரிந்தது! சிலிண்டரின் செந்துருவை இனி எப்படி நீக்குவது?

மறுமொழி:
எண்கள் பொருந்துவது பெரிய பேறு. அந்த ஆப்பை ஒருபோதும் மாற்றிவிடாதீர்கள். சிலிண்டரைத் தனியே எடுத்து, எண்ணெய்ப் பசை அறவே நீக்கி, காய்ச்சிவடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். செந்துரு கரிய ஆக்சைடாக மாறும். உதிர்வதை மென்துணியால் துடைத்து, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். சட்டத்துக்கும் வால்நட் கைப்பிடிக்கும் இந்த முறை ஆகாது. சட்டத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும். பித்தளைக் கைப்பிடிச் சட்டத்தின் இடுக்குகளில் பழைய வெள்ளி முலாம் மிச்சமிருக்கலாம், அதைத் துலக்க வேண்டாம்.