ஃபுட் ஸ்டாம்பில் மூட்டையா, வாராவாரமா?

தோசைக்கல்:
அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறோம். க்ரீன் கார்டு வந்து ஏழு வருடம் ஆகிறது. போன ஆகஸ்டில் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. இப்போது பகுதி நேரமாக ஒரு கிடங்குக்குப் போகிறார். மூன்றாவதும் ஆறாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஃபுட் ஸ்டாம்ப், அதாவது சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் கார்டில் போடும் உதவித்தொகை, மாதம் 610 டாலர் வருகிறது. ஒன்பதாம் தேதி கார்டில் விழுந்ததும் இந்தியன் ஸ்டோருக்குப் போனேன். சோனா மசூரி 20 பவுண்டு மூட்டை ஆஃபரில் இருந்ததால் இரண்டு. துவரை, உளுந்து, ஆட்டா, எண்ணெய், நெய், முந்திரி, ஃப்ரோசன் பரோட்டா. பில் 268 டாலர். இருபத்தாறாம் தேதி பார்த்தால் கார்டில் 14 டாலர்தான். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. பால் இல்லை, தக்காளி இல்லை. நான்கு நாளாகப் பருப்புப்பொடி சாதம். சின்னவன் தட்டைத் தள்ளிவிட்டான். எங்கே தப்பு செய்கிறேன்?

மூட்டைக்காரன்:
மூட்டை வாங்கியது தப்பே இல்லை தங்கச்சி. பரோட்டாவும் முந்திரியும்தான் தப்பு. 2009-இல் டெட்ராய்ட்டில் கார் கம்பெனிகள் படுத்தபோது இதே கார்டில் ஒரு வருடம் ஓட்டியவன் நான். பெரிய மூட்டையாக எடுத்தால்தான் பவுண்டுக்கு மலிவு. அரிசி, துவரை, உளுந்து மூன்றும் வீட்டில் இருந்தால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. மாவு பாக்கெட்டைக் கண்ணெடுத்துப் பார்க்காதீர்கள். ஒரு பாக்கெட் மாவுக் காசில் வீட்டில் நாலு நாளைக்கு அரைத்துவிடலாம்.

கொத்தமல்லி:
அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டினி கிடக்க மாட்டார்கள், சரி. மாதக் கடைசியில் வெறும் மாவுச்சத்தைத் தின்றுகொண்டிருப்பார்கள். நம் ஆட்கள் வீட்டில் சர்க்கரை ஏன் வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தோசைக்கல், நீங்கள் இரண்டு மாத அரிசியை ஒரே நாளில் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதக் காசு இந்த மாதம் மூட்டையாக மூலையில் நிற்கிறது. கார்டை மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். ஒன்பது மாதம் கார்டைத் தொடாமலே இருந்தால்தான் பணத்தைத் திரும்ப எடுப்பார்கள். ஒரு மாதம் அரிசி, அடுத்த மாதம் பருப்பும் உளுந்தும் என்று மாற்றி வாங்குங்கள். முதல் நாள் 150-க்கு மேல் போகாதீர்கள். மீதியை நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு. முட்டை, பால், வாழைப்பழம், முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் சாதாரண அமெரிக்கக் கடையில். முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் இந்தியன் ஸ்டோர். வெண்டைக்காய் ஃப்ரோசன் போதும், பொரியலுக்கு வித்தியாசம் தெரியாது.

மூட்டைக்காரன்:
தெரியும்.

கொத்தமல்லி:
சரி, சாம்பாருக்குத் தெரியாது. அப்புறம் டபுள் அப் ஃபுட் பக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா? 2009-இல் டெட்ராய்ட் உழவர் சந்தைகளில்தான் தொடங்கியது. கார்டில் காய் பழம் வாங்கினால், அதே அளவு தொகை மறுபடி காய் பழம் வாங்கக் கிடைக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு.

மூட்டைக்காரன்:
இந்தப் பனியில் சந்தை எங்கே இருக்கிறது? இருந்தாலும் முப்பது மைல் போய்வர கார்டு பெட்ரோல் போடுமா? உங்கள் வாராவாரத் திட்டமெல்லாம் கடை பக்கத்தில் இருப்பவர்களுக்கு. மேலும், வாரம் ஒருமுறை கடைக்குள் போனால் வாரம் ஒருமுறை சபலம்.

கொத்தமல்லி:
மிச்சிகனில் மளிகைக் கடைகள் சிலவற்றிலும் டபுள் அப் உண்டு. சந்தைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சபலம் வந்ததும் மாதம் ஒருமுறை போனபோதுதான், அந்த முந்திரியைப் பாருங்கள்.

தோசைக்கல்:
முந்திரி பொங்கலுக்கு. விட்டுவிடுங்கள் 🙂

ஊர்க்காரன்77:
படித்துவிட்டு வந்த நாமும் இங்கே கையேந்த வேண்டுமா? நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்குப் போடும்போது அரசாங்கத்துக்குப் பாரம் என்று முத்திரை குத்திவிட்டால்? நண்பர்களிடம் கைமாற்று வாங்கிச் சமாளித்திருக்கலாம்.

ரேஷன்பை:
ஊர்க்காரன், அந்தப் 'பாரம்' சோதனை நுழைவுக்கும் க்ரீன் கார்டுக்கும்தான். சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் அது கிடையாது. ஃபுட் ஸ்டாம்புக்கு க்ரீன் கார்டு வந்தபின் இருக்கும் ஐந்து வருடக் காத்திருப்பையும் இவர்கள் தாண்டிவிட்டார்கள். இன்னும் விசாவில் இருப்பவர் என்றால் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும், அது வேறு கதை.

கையேந்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பேங்க் மேனேஜர் வீட்டிலும் ரேஷன் கார்டு இருந்தது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், 2011-இலிருந்து அரிசி இலவசம். அம்மா மஞ்சள் துணிப்பையோடு க்யூவில் நின்று பாமாயில் வாங்கி வருவார். யாரும் கையேந்தினோம் என்று நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கார்டு இருப்பதால் அதில் வெட்கம் வரவில்லை. இங்கே வருமானத்தைச் சோதித்துக் கொடுக்கிறார்கள், அதனால் கவுண்டரில் கார்டை உரசும்போது பின்னால் நிற்பவர் பார்க்கிறாரோ என்று கூசுகிறது. நானும் கூசியிருக்கிறேன். கைமாற்றுக் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தோசைக்கல், இன்னொரு கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 2025 அக்டோபரிலிருந்து அதிகபட்சம் 994 டாலர். கழிவுகள் போக உங்கள் வருமானத்தில் 30 சதவீதத்தை நீங்களே சாப்பாட்டுக்குப் போடுவீர்கள் என்று எடுத்துக்கொண்டு அதைக் கழித்துத்தான் 610 தருகிறார்கள். அதாவது 384 டாலர் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். வருகிறதா? வராவிட்டால் மூட்டையாக வாங்கினாலும் முடிச்சாக வாங்கினாலும் இருபத்தாறாம் தேதி 14 டாலர்தான். வாடகை ஏறியிருந்தால் அலுவலகத்துக்குத் தெரிவித்தீர்களா? வாடகைச் செலவுக்கும் கழிவு உண்டு. தெரிவித்தால் தொகை கூடலாம்.

தோசைக்கல்:
ஜனவரியில் வாடகை 120 டாலர் ஏறியது. தெரிவிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கையில் இருக்கும் காசு சோப்பு, டிடர்ஜென்ட், டாய்லெட் பேப்பர், நாப்கினுக்கே போகிறது. அதெல்லாம் கார்டில் வாங்க முடியாதே.

கொத்தமல்லி:
அந்த ரொக்கத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்களா? மிச்சிகனில் 2023-24-இலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை, மதியம் இரண்டும் இலவசம்.

தோசைக்கல்:
நாங்கள் சைவம். சாம்பார் சாதம் கட்டிக் கொடுக்கிறேன்.

மூட்டைக்காரன்:
கட்டிக் கொடுங்கள். பசங்க அந்தப் பீட்சாவுக்குப் பழகிவிட்டால் வீட்டில் ரசம் இறங்காது.

கொத்தமல்லி:
அண்ணே, இரண்டு பிள்ளைகள், மாதம் இருபது நாள், மதியம் மட்டும் நாற்பது சாப்பாடு! ரசத்துக்காக நாற்பது சாப்பாட்டை விடுவதா? காலையில் பால், பழம், சீரியலாவது அங்கே சாப்பிடட்டும். அதில் சைவத்துக்கு என்ன கெட்டது?

மூட்டைக்காரன்:
காலைக்குச் சரி. மதியத்துக்கு நான் அசைய மாட்டேன்.

மட்டுறுத்துனர்:
இடையில் இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கார்டில் சாமான் வாங்கிக் கொடுத்து ரொக்கம் வாங்குவது 'யோசனை' அல்ல, குற்றம். கார்டே போய்விடும்.

ரேஷன்பை:
நன்றி. சட்டப்படி செய்யக்கூடிய ஒன்று: உணவு தரும் செடியும் விதையும் கார்டில் வாங்கலாம், கார்டு எடுக்கும் கடையாக இருந்தால். கத்தரி நாற்று, புதினா, கறிவேப்பிலைத் தொட்டி எல்லாம் சேர்த்தி. வெந்தயத்துக்கு அதுவும் வேண்டாம், அஞ்சறைப்பெட்டியில் இருப்பதை ஒரு பிடி தொட்டியில் தூவினால் போதும்.

தோசைக்கல் (பன்னிரண்டு நாள் கழித்து):
வாடகை விஷயத்தை எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. இந்த மாதம் முதல் நாள் பில் 131. அரிசி வாங்கவில்லை. பிள்ளைகள் காலையில் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். மதியத்துக்குப் பெரியவள் சாம்பார் சாதம்தான் வேண்டும் என்கிறாள், சின்னவன் பீட்சா. அண்ணன் கட்சிக்கு ஒன்று, கொத்தமல்லி கட்சிக்கு ஒன்று. பழைய தயிர் டப்பாவில் போட்ட வெந்தயம் ஹீட்டர் பக்கத்தில் இரண்டு இலை விட்டிருக்கிறது. மாவுதான் பொங்கவே மாட்டேன் என்கிறது. அண்ணா, நாலுக்கு ஒன்று உளுந்து போட்டேன்.

மூட்டைக்காரன்:
அளவு சரிதான். குளிர். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து லைட்டை மட்டும் போட்டுவிடுங்கள், காலையில் பொங்கியிருக்கும். அடியில் ஒரு தட்டு வையுங்கள். உள்ளே மாவு இருப்பது தெரியாமல் யாரும் ஓவனை ஆன் செய்துவிடாதபடி கதவில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டவில்லை.