மறு: 'வளர்ச்சி மைல்கல்' – வேறு சொல் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது; எல்லோருக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். முதலில் ஒரு நினைவூட்டல். குழந்தை குறிப்பிட்ட வயதுக்குள் செய்யத் தொடங்கும் செயல்களை ஆங்கிலத்தில் 'developmental milestone' என்கிறார்களே, அதற்குத்தான் சொல் தேடுகிறோம்; நான் ஆதரிப்பது 'வளர்குறி'. இந்தச் சொல், சின்னக் குழந்தைகளின் பெற்றோர் கையில் கொடுக்கும் ஓர் அட்டைக்கு வேண்டும். ஆட்டிசம் இருக்குமோ என்று எப்போது பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதற்கான அட்டை. அகராதியில் கம்பீரமாக இருந்தால் மட்டும் போதாது, அம்மாவும் அங்கன்வாடி அக்காவும் பாட்டியும் அதை வாயால் சொல்ல வேண்டும்.

> மைல்கல் என்று எல்லோரும் சொல்லிப் பழகியாயிற்று. ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்லைக் கலைப்பதில் எனக்கும் ஆர்வமில்லை. ஆட்டிசத்தையே ஆட்டிசம் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் மைல்கல்லுக்குத் தமிழில் வேறொரு வேலை கொடுத்துவிட்டோம். 'விண்வெளி ஆய்வில் ஒரு மைல்கல்' என்று பேப்பரில் படித்துப் பழகிய கண்ணுக்கு மைல்கல் என்றால் சாதனை. 'உங்கள் குழந்தை மைல்கல்லை எட்டவில்லை' என்று எழுதினால், ஒன்றரை வயதில் பரீட்சையில் ஃபெயில் ஆன மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொரு சங்கடம் வரிசை. ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று என்றுதான் மைல்கற்கள் நிற்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வளர்ச்சி அந்த வரிசைக்குக் கட்டுப்படாது. பலருக்குத் தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது எல்லாம் காலத்தில் வந்துவிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பாது. இரண்டு வயதில் எழுத்தும் எண்ணும் சொல்லும், 'அம்மா' என்று கூப்பிடாது. சில பிள்ளைகள் ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டு வயதுக்குள், பேசிக்கொண்டிருந்த சொற்களையே விட்டுவிடுகின்றன. டாடா காட்டிய கை நின்றுவிடுகிறது. இந்த இழப்பு அட்டையில் கட்டாயம் வர வேண்டும். 'மைல்கல் இழப்பு' என்று எழுதிப் பாருங்கள், என்ன புரிகிறது?

> படிநிலை?

அதே வரிசைச் சிக்கல். இரண்டாவது படியை மிதிக்காமல் மூன்றாவதுக்குப் போக முடியாது என்ற எண்ணத்தைப் படி கொண்டுவந்துவிடும். தவழாமலே நடந்துவிடும் பிள்ளைகள் ஊரெல்லாம் உண்டு. இதை வைத்தே ஒரு தகவல்: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே எடுத்துவிட்டது.

யாழ்ப்பாண நண்பர் 'விருத்திப்படி' என்று எழுதியிருந்தார். இலங்கையில் விருத்தி என்பது பாடநூல் வரை வேரூன்றிய சொல் என்று தெரியும். இங்கே அந்தச் சொல்லுக்கு வம்சவிருத்தி நினைவுதான் வரும்; மன்னிக்கவும்.

> பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் இருக்கும்போது புதுச்சொல் தேடுவானேன்? 'பருவம்' போதும்.

ஐயா எழுதிய மடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடவுளையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களில் பாடுவது பிள்ளைத்தமிழ். அதன் செங்கீரைப் பருவத்தில் ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கையை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் குழந்தையின் படத்தை இன்றைய இயன்முறை மருத்துவரும் தன் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். சப்பாணி கைகொட்டல், வாரானை நடை. இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களுக்குள் மாதக் கணக்கு மாறுபட்டாலும், காப்பு தொடங்கி ஏறக்குறைய 2 வயதுக்குள் பத்துப் பருவங்களையும் அடக்கிவிடுவார்கள்.

ஆட்டிசத்துக்கு மிக நெருங்கியது அம்புலி. நிலவை விளையாடக் கூப்பிடும் பருவம். வீட்டில் அது எப்படி நடக்கிறது? அம்மா விரலை நீட்டுகிறாள்; குழந்தை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது; நிலாவைக் கண்டதும் திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறது. குழந்தை, அம்மா, நிலா மூன்றும் ஒரே கவனத்துக்குள் வருகின்றன. இதைத்தான் 'பகிர்கவனம்' என்று எழுதி வருகிறோம். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று பெற்றோரிடம் கேட்டறியும் எம்-சாட்-ஆர் வினாப்பட்டியலின் 20 கேள்விகளில் முதல் கேள்வியே, அறையின் மறுபக்கத்தில் ஒன்றை நீங்கள் சுட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பதுதான். சிற்றில் பருவத்து மணல்வீட்டு விளையாட்டும் இதே பட்டியலில் 'பாவனை விளையாட்டு' என்ற பெயரில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பருவம் நமக்கு ஆகாது. பருவம் என்பது காலம். நமக்குப் பெயர் வேண்டியிருப்பது அந்தக் காலத்துக்குள் குழந்தை செய்யும் ஒரு செயலுக்கு. பார்த்து 'ஆம்', 'இல்லை' என்று டிக் அடிக்கக்கூடிய ஒன்றுக்கு. பருவம் தானாகவும் வந்து போகும். 'பருவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லித்தானே வீட்டில் காத்திருக்கிறார்கள்? 'பையன்னா லேட்டாத்தான் பேசுவான்', 'அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாராம்' என்ற வரிசையில் இதையும் சேர்த்துவிடுவார்கள்.

> 'வளர்குறி' சரி, ஆனால் 'குறி' என்றால் சிரிப்பார்களே.

தனியாகச் சொன்னால் சிரிக்கலாம். அறிகுறி, கேள்விக்குறி என்று வகுப்பில் தினம் சொல்கிறோம், யாரும் சிரிப்பதில்லை. சோசியக்காரர் 'குறி சொல்லும்' வாடை அடிக்கிறது என்ற ஆட்சேபம்தான் எனக்குக் கொஞ்சம் கனமாகப் பட்டது. அதற்கும் பதில் உண்டு: வளர்குறி வருவதைச் சொல்வதில்லை, வந்துவிட்டதைத்தான் சொல்கிறது.

சொல்லின் பலம் அதன் பிள்ளைகளில் தெரியும். வளர்குறி அட்டை, 9-ஆம் மாத வளர்குறிகள், தாமதமான வளர்குறி, வளர்குறி இழப்பு. உடல்சார் வளர்குறி, பேச்சு வளர்குறி, பிறரோடு பழகுவதற்கு உறவு வளர்குறி. 'அவனுக்கு இந்த வளர்குறி இன்னும் வரல' என்று ஒரு அம்மா சொன்னால் அதில் தோல்வி இல்லை, வரிசை இல்லை. வந்தது போய்விட்டது என்றும் சொல்லலாம்.

வரையறையில் ஒன்று விட்டுப்போகக் கூடாது. முன்பு பட்டியல்களில் பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போட்டுவிடுவார்கள். அந்த வயதில் செய்யாத மறுபாதியிடம் 'பொறுத்துப் பாருங்கள்' என்பதைத் தவிர மருத்துவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அமெரிக்க மையத்தின் 2022 திருத்தத்தில் 75 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் செய்யும் வயதுக்கு மாற்றினார்கள். எனவே: 'குறிப்பிட்ட வயதுக்குள் நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்துவிடும் செயல்.' வராவிட்டால் அது நோய் என்று பொருளில்லை, மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும் என்று பொருள். பேருக்குத் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது சோதனை. 'காதெல்லாம் நல்லாக் கேக்குது, பக்கத்து ரூம்ல பிஸ்கட் கவரைப் பிரிச்சா ஓடி வர்றான்' என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டபிறகும் சோதனை செய்துவிட வேண்டும்.

கடைசியாக, யாருமே தொடாத இரண்டு சொற்கள். சுட்டுவிரல் நீட்டுவதில் இரண்டு வகை. அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவை 'அது வேணும்' என்று காட்டுவது ஒன்று; அமெரிக்க மையத்தின் பட்டியலில் 15-ஆம் மாதத்தில் வருகிறது. வானத்தில் போகும் விமானத்தை, எதுவும் வேண்டாமல், 'நீயும் பாரேன்' என்று காட்டுவது இன்னொன்று, 18-ஆம் மாதம். முன்னதைக் 'கேட்புச்சுட்டல்' என்றும் பின்னதைக் 'காட்டுச்சுட்டல்' என்றும் எழுதியிருக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் அதிகம் தாமதிப்பது, சில சமயம் வராமலே இருப்பது, பின்னதுதான். கேட்பதற்குக்கூட விரல் நீட்டாமல், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அவள் கையை டப்பா மூடியின் மேல் வைக்கும் பிள்ளைகள் உண்டு. முகத்தைப் பார்ப்பதில்லை. 'ரொம்ப சமத்து, வேணுங்கறதைக் கையப் புடிச்சுக் கேட்டு வாங்கிக்கும்' என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.

குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், வாசற்படி தாண்டினால் ஒரு பலகாரம் என்று கொண்டாடும் வீடுகள் நம்மிடம் உண்டு. விரல் நீட்டிக் காட்டியதற்குப் பலகாரம் சுட்ட வீட்டை நான் கேள்விப்பட்டதில்லை. பெயர் இருந்தால்தானே பாட்டி எதிர்பார்ப்பாள்?

'காட்டுச்சுட்டல்' காட்டில் சுட்டதுபோல் ஒலிக்கிறது என்று என் தங்கை சொல்கிறாள். 'பகிர்வுச்சுட்டல்' பரவாயில்லையா? அல்லது அட்டையில் 'கேட்கச் சுட்டுதல், காட்டச் சுட்டுதல்' என்று பிரித்தே எழுதிவிடலாமா? அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லும் எக்கோலேலியாவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். 'கிளிப்பேச்சு' என்று மட்டும் யாரும் எழுதிக்கொண்டு வர வேண்டாம்.