பாறைத் தோட்டத்தில் அடினியம் அழுகுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம், முழுக்கக் கரிசல். வாசலில் ஓரடி ஆழம் தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு, செம்மண்ணும் எம்-சாண்டும் சரிபாதி கலந்து நிரப்பினேன். மேலே பாறைக்கல், ஜல்லி. அடினியம் (அடித்தண்டு பருத்த பாலைவன ரோஜா) 6, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ் வைத்தோம். சித்திரை வெயிலில்கூடப் பூத்துக் குலுங்கியது. ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரம் ஆகிறது. 2 அடினியத்தின் அடித்தண்டை அமுக்கினால் பொதபொதவென்று உள்ளே போகிறது. நித்தியகல்யாணியும் வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? அடினியம் எல்லாம் அம்மா கையால் நட்டவை, எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

பதில் 1:
காப்பர் ஆக்ஸிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லிப் பொடி) லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றுங்கள்.

பதில் 2:
மருந்து அப்புறம். முதலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். வேர் அழுகினாலும் செடி வாடத்தான் செய்யும். ஜல்லியை ஒதுக்கிவிட்டு ஓரடி தோண்டிப் பாருங்கள், கீழே தண்ணீர் நிற்கிறதா?

கேட்டவர்:
தோண்டினேன் அண்ணா. முக்கால் அடியிலேயே தண்ணீர் ஊறி வருகிறது, நாற்றம் வேறு. மழை நின்று நாலு நாள் ஆகிறது!

பதில் 2:
அதுதான் காரணம். நனைந்த கரிசல் உப்பிக்கொண்டு, தண்ணீரைக் கீழே விடாது. சுற்றிலும் கரிசல், நடுவில் பொலபொலப்பான மண் என்றால் அந்தக் குழி ஓட்டையில்லாத தொட்டிதான். பெய்த மழையெல்லாம் அதில் வந்து தேங்கும். குழிக்கு அடியில் ஜல்லி போட்டாலும், வெளியேற வழி இல்லாவிட்டால் பயனில்லை.

அடினியத்தை இன்றே பிடுங்குங்கள், ஆறையும். மண்ணை உதறி, கூரான கத்தியால் மெத்தென்ற பகுதியை வெட்டிக்கொண்டே போங்கள். பழுப்பே இல்லாத கெட்டியான சதை வரும்வரை விடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டும்போது வடியும் பால் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வெட்டின இடத்தில் முதல் பதிலில் சொன்ன காப்பர் பொடியைத் தடவி, மழை படாத நிழலில் பத்து நாள் காயவிடுங்கள். காய்ந்து போகுமே என்று பயப்படாதீர்கள், அடித்தண்டில் இருக்கும் நீரே அதற்குப் போதும்.

பிறகு குழியை மூடிவிட்டு, தரைக்கு மேல் ஒன்றரை அடி மேடு கட்டுங்கள். அடியில் உடைந்த செங்கல், மேலே ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பருமணல். எம்-சாண்ட்தான் என்றால் தூசியைச் சலித்து எடுத்துவிடுங்கள், அது மண்ணை இறுக்கிவிடும். மேட்டைத் தெருப் பக்கம் சற்றுச் சரியுங்கள். நட்டதும் தண்ணீர் வேண்டாம், ஒரு வாரம் கழித்து ஊற்றுங்கள்.

பதில் 3:
முழுக்க அழுகிய அடினியத்திலும் நல்ல கிளை இருந்தால் வெட்டிக் காயவைத்து நடலாம். ஆனால் விதையில் வந்தது போல் அடி பருப்பது அரிது. டேபிள் ரோஸுக்குக் கவலை வேண்டாம், நாலு நுனி கிள்ளிச் செருகினால் போதும்.

கேட்டவர்:
மேடு கட்டி நட்டு ஒன்றரை மாதம். 5 அடினியம் பிழைத்துவிட்டன. ஒன்றில் மட்டும் பழுப்பு உள்ளே வரை ஓடியிருந்தது, அதில் ஒரு கிளையைத் தனியாக நட்டிருக்கிறேன். நித்தியகல்யாணி போய்விட்டது, ஆனால் அது உதிர்த்த விதை கல் இடுக்கில் முளைத்திருக்கிறது. அம்மா இன்று காலை அதைத்தான் முதலில் பார்த்தார்கள். ரொம்ப நன்றி அண்ணா.