சப்கொன்ட்ராக்டர் பில்லில சி.ஐ.எஸ். வரி அளவுக்கு மிஞ்சி வெட்டுப்பட்டுப்போச்சு, என்ன மென்பொருள் பாவிக்கிறீங்கள்?

சுவர்ப்பூச்சு:

உறவுகளே வணக்கம். லண்டனில சின்னதா ஒரு பிளாஸ்டரிங், ட்ரைலைனிங் கொம்பனி வைச்சிருக்கிறன். என்னட்ட ஒன்பது சப்கொன்ட்ராக்டர்மார் (துணை ஒப்பந்தக்காரர்) வேலை செய்யினம். அவைக்குக் காசு குடுக்கேக்க சி.ஐ.எஸ். எண்ட கட்டுமான வேலை வரியை நான்தான் வெட்டி அரசாங்கத்துக்குக் கட்டோணும். ஒண்டு வாட் (பெறுமதி சேர் வரி) பதிஞ்ச லிமிடெட் கொம்பனி, மிச்சம் எல்லாம் தனி ஆக்கள். இவ்வளவு காலமும் மச்சான் செய்து தந்த எக்செல் ஷீட்டிலதான் ஓட்டினன். அதில எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் வேற எங்கயோ ஒண்டு சிவப்பாகும். அலுத்துப்போய் ஒரு மென்பொருளை ஒரு மாசம் இலவசமா எடுத்துப் பாத்தன். பெயர் சொல்லேல்ல, பிழை என்னிலயும் இருக்கலாம்.

பூச்சு வேலை செய்யிற ஒராள் தந்த பில் 2,280 பவுண்ஸ். கூலி 1,800, சாமான் 420 (போர்ட், பிளாஸ்டர் மூடை, பீடிங்), வானுக்குப் பெற்றோல் 60. அவர் வாட் பதியாத ஆள். மென்பொருள் முழுத்தொகைக்கும் 20 வீதம் போட்டு 456 வெட்டிட்டுது. நானும் பாக்காமல் 1,824 அனுப்பிட்டன். அடுத்தநாள் காலமை ஏழு மணிக்கு ஃபோன்: "அண்ணை, நான் காசு குடுத்து வாங்கின பிளாஸ்டருக்கும் நானோ வரி கட்டிறது?" என்னட்டப் பதில் இல்லை.

திருத்துறன் எண்டு போய் சாமான், பெற்றோல் ரெண்டையும் கழிச்சு 360 வெட்டி, மிச்சம் 96 ஐ அனுப்பிவிட்டன். கணக்காளர் அதுவும் பிழை எண்டுறார், ஆனால் ஆள் லீவில, விளக்கமாச் சொல்ல நேரமில்லையாம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். பில்லில திகதி ஒக்டோபர் 2, நான் காசு போட்டது 9. எந்த மாசத்தில காட்டுறது? மற்றது, ரெண்டு பேருக்கு 5 வீதம் ரிட்டென்ஷன் (வேலை ஒழுங்கா முடியும்வரை குடுக்காமல் நிப்பாட்டி வைக்கிற காசு) பிடிச்சு வைச்சிருக்கிறன், அதுக்கும் இப்பவே வரி வெட்டோணுமோ? இதெல்லாத்தையும் ஒழுங்காச் செய்யிற மென்பொருள் எது?

கணக்கக்கா:

தம்பி, சரியான தொகை 372.

சாமான் 420 ஐக் கழிக்கலாம். பெற்றோலைக் கழிக்கேலாது, ஏனெண்டால் அது வேலைக்கு வந்து போன செலவு. பயணம், சாப்பாடு, தங்கினது எல்லாம் கூலியோட சேந்துதான் வெட்டுப்படும். அதே பெற்றோல் தளத்தில ஒரு ஜெனரேற்றருக்கு ஊத்தினதெண்டால் கதை வேற, அதைக் கழிக்கலாம். ஆகவே 1,800 உம் 60 உம் 1,860, அதில 20 வீதம் 372, ஆளின்ர கையில போகவேண்டியது 1,908.

இனி உங்கட மென்பொருள். பில்லை ஒரே வரியில 2,280 எண்டு அடிச்சிருப்பீங்கள், அப்பிடித்தானே? அதுக்கு என்ன தெரியும், முழுக்கக் கூலி எண்டு நினைச்சிட்டுது. குயிக்புக்ஸ், ஸீரோ, சேஜ் மூண்டிலயும் சி.ஐ.எஸ். வசதி இருக்கு, ஆனால் கூலி ஒரு வரி, சாமான் ஒரு வரி எண்டு நீங்கள்தான் பிரிச்சு அந்தந்தக் கணக்கில போடோணும். வரி வெட்டிறது கூலி வரியில மட்டும்தான். நான் பில்லைப் பாத்தவுடன பேனையால "கூ" "சா" எண்டு பக்கத்தில எழுதிப்போட்டுத்தான் கணினியில கை வைப்பன். பதினொரு வருசமா இந்தப் பழக்கம்.

உங்கட ஆக்களிட்டயும் சொல்லிவையுங்கோ, பில்லைப் பிரிச்சுத் தரச்சொல்லி. பிரிச்சுத் தராட்டில் சாமானுக்கு நீங்கள் ஒரு நியாயமான மதிப்புப் போடோணும். அதேநேரம் 2,280 இல 1,900 சாமான் எண்டு ஒராள் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏத்தவும் ஏலாது, ரசீதைக் கேளுங்கோ. வாட் பதியாதவர் எண்டால் சாமான் விலையை வாட்டோட சேத்து எடுக்கலாம், பதிஞ்சவர் எண்டால் வாட் இல்லாத விலை.

திகதியில கனபேர் வழுக்கிறவை. பில் திகதியை மறந்திடுங்கோ, காசு குடுத்த திகதிதான் கணக்கு. வரி மாசம் 6 இல தொடங்கி அடுத்த 5 இல முடியும். நீங்கள் குடுத்தது ஒக்டோபர் 9, அப்ப அது நவம்பர் 5 இல முடியிற மாசம். றிட்டேன், அதுதான் வரி அலுவலகத்துக்கு அனுப்பிற மாசக் கணக்கு, நவம்பர் 19 க்குள்ள போகோணும், ஒன்லைனில கட்டினால் காசு 22 க்குள்ள. எவ்வளவு வெட்டினது எண்டு காட்டுற கழிவுச் சீட்டும் அதே 19 க்குள்ள ஆளின்ர கையில இருக்கோணும். றிட்டேன் ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண்ஸ் தண்டம், ரெண்டு மாசம் பிந்தினால் இன்னும் 200. பில் திகதியை வைச்சு மாசம் பிரிக்கிற எக்செல் ஷீட்டை இண்டைக்கே மூடிவிடுங்கோ, மச்சான் கோவிச்சாலும் பரவாயில்லை.

எது வாங்கிறது எண்டால், உங்கட கணக்காளர் எதைப் பாவிக்கிறாரோ அதை.

சாரக்கம்பு:

நான் அக்காவை எதிர்க்கேல்ல, ஆனால் என்னட்ட நாலு பேர்தான். எச்.எம்.ஆர்.சி. (பிரித்தானிய வரி அலுவலகம்) தாற இலவச ஒன்லைன் சேவையிலயே ஆக்களின்ர வரிப் பதிவைச் சரிபார்த்து மாச றிட்டேனையும் அனுப்பிறன். பில், வங்கி, வாட் ஒண்டும் அதில இல்லை, அதுகளுக்கு ஒரு கொப்பி வைச்சிருக்கிறன். ஒன்பது பேர் எண்டால் தலை வெடிக்கும்.

ஒரு விசயம். புது ஆளுக்கு முதல் காசு போடமுந்தியே சரிபாருங்கோ. எனக்கு ஒரு பெடியன் எல்லாரும் கூப்பிடுற பேரைத்தான் தந்தவன், பதிவில வேற பேர். யு.டி.ஆர். எண்ட அவன்ர வரி நம்பரோட பேர் பொருந்தேல்ல, 30 வீதம் வெட்டச் சொல்லி வந்திச்சு. அவன் என்னைக் கள்ளன் மாதிரிப் பாத்தான். சரியான பேரைப் போட்டாப்பிறகு 20. மென்பொருளுக்குள்ளயே சரிபார்க்கிற பட்டன் இருக்கோ எண்டு வாங்கமுந்திப் பாருங்கோ.

அளவையாளர்:

நண்பரே, ரிட்டென்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குவாண்டிட்டி சர்வேயராக இருக்கிறேன், தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு.

கொடுக்காத பணத்துக்கு வரி பிடிக்கக் கூடாது. முழுக்கக் கூலியாக 10,000 பில் என்றால், 500 நிறுத்திவிட்டு 9,500 கொடுக்கிறீர்கள், பிடிப்பது 1,900. வேலை முடிந்து பாதி ரிட்டென்ஷன் 250 விடும்போது அதில் 50. பில்லை 10,000க்கு ஏற்றிவிட்டு "பாதி செலுத்தியது" என்று தொங்க விடாதீர்கள். கூலியும் சாமானும் கலந்த பில்லில் அந்த 500 எதிலிருந்து நிறுத்தியது என்பதை மென்பொருள் தன் கணக்குக்குப் பிரித்துக்கொள்ளும், ஒரு வருடம் கழித்து உங்களுக்கே புரியாது. ரிட்டென்ஷனைத் தனி பில்லாகப் பிரித்து வைத்து, விடுவிக்கும் நாளில் செலுத்துங்கள்.

உங்களிடம் உள்ள அந்த லிமிடெட் கம்பெனி பில்லில் வாட் சேர்த்து அனுப்புகிறார்களா என்றும் பாருங்கள். நீங்களும் வாட் பதிந்தவர், கட்டடம் உங்களுடையது அல்ல என்றால், 2021 மார்ச் 1 முதல் ரிவர்ஸ் சார்ஜ், அதாவது பில் தருபவருக்குப் பதிலாக வாங்குபவரே வாட் கணக்குக் காட்டும் முறை. அவர்கள் வாட் வாங்கக் கூடாது, உங்கள் வாட் ரிட்டர்னில் பெட்டி 1லும் 4லும் நீங்களே காட்டவேண்டும். மென்பொருளில் அதற்கென்று தனி வாட் குறியீடு இருக்கும், சாதாரண 20 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் போச்சு.

சுவர்ப்பூச்சு:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னமாதிரித்தான், ஒரே வரியில அடிச்சிருந்தன். அதே பில்லைப் பிரிச்சுப் போட்டன், சொடக்குப் போட்டமாதிரி 372 வந்திச்சு. மென்பொருளைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேக்கோணும். லிமிடெட் கொம்பனியின்ர பில்லையும் எடுத்துப் பாத்தன், மூண்டு பில்லில வாட் போட்டிருக்கு. திரும்ப எழுதித் தரச்சொல்லி மெயில் போட்டிருக்கிறன்.

ஒரு சின்னச் சிக்கல். 360 தான் வெட்டினது எண்டபடியால் அவருக்கு 12 பவுண்ஸ் கூடப் போயிருக்கு. திருப்பிக் கேக்க வெக்கமாக் கிடக்கு. றிட்டேனில 360 எண்டே போட்டு விடட்டோ?

கணக்கக்கா:

கூடாது தம்பி. றிட்டேனிலயும் கழிவுச் சீட்டிலயும் 372 தான் வரோணும். அந்த 12 ஐ அடுத்த பில்லில கழியுங்கோ, ஆனால் கழிக்கமுந்தி ஆளுக்கு ஒரு ஃபோன் அடிச்சுச் சொல்லிவிடுங்கோ. காலமை ஏழு மணிக்கு வேண்டாம்.